காணாக் கடலைக் காட்டுதல்: ஆழ்காலமும் ஊடாட்டக் கலையும்

55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் ஒன்றைத் திரையில் எழுப்ப நினைக்கும் கலைஞர் முதல் அடியிலேயே ஒரு தடையைச் சந்திக்கிறார். அந்தக் கடலை யாரும் பார்த்ததில்லை. மனிதர்கள் பார்க்கவில்லை என்பதில் வியப்பில்லை. அதில் வாழ்ந்த உயிர்களும் பார்க்கவில்லை. தென் ஆஸ்திரேலியாவின் எடியாக்காரா குன்றுகளில் 1946-இல் நிலவியலாளர் ரெக் ஸ்ப்ரிக் கண்டெடுத்த மென்னுடல் உயிர்களின் பதிவுகளில் இலை வடிவங்கள் உண்டு, வட்டத் தட்டு வடிவங்கள் உண்டு. கண் என்று சொல்லத்தக்க உறுப்பு தெரியவரவில்லை. உருவத்தை அறியும் கண்கள் புதைபடிவங்களில் தெளிவாகக் கிடைப்பது அடுத்து வந்த கேம்பிரியன் காலத்தில்தான். எடியாக்காரா கடலில் ஒளி விழுந்தது, காட்சி என்று ஒன்று இருக்கவில்லை.

அத்தகைய கடலைக் காட்டுவது என்றால் என்ன செய்வது? 1830 முதல் ஓவியர்களும் சிற்பிகளும் அருங்காட்சியகக்காரர்களும் திரைப்படக்காரர்களும் இதற்கு விதவிதமான விடைகளைத் தந்திருக்கிறார்கள். பார்வையாளரின் கைக்கும் மூச்சுக்கும் நடைக்கும் மறுமொழி தருகிற கணினிக் கலை வந்துசேர்ந்த பிறகு கேள்வி இன்னும் கடினமாகிவிட்டது. எவரும் பார்த்திராத கடல் இப்போது நாம் கையை நீட்டினால் விலகுகிறது, நின்றால் நம்மைச் சூழ்கிறது. அந்த மறுமொழி கடலைப் பற்றி எதையாவது சொல்கிறதா, நம்மைப் பற்றி மட்டுமா என்பதே இக்கட்டுரை பரிசீலிக்கும் சிக்கல்.

கண்ணை எங்கே வைப்பது?

மிகப் பழைய விடை, கடலுக்குள் ஒரு கண்ணை வைத்துவிடுவது. 1830-இல் ஆங்கிலேய நிலவியலாளர் ஹென்றி டி லா பெஷ் ‘டூரியா ஆன்டிக்வியர்’ என்ற நீர்வண்ண ஓவியத்தை வரைந்தார். லைம் ரீஜிஸ் கடலோரப் பாறைகளிலிருந்து மேரி ஆனிங் தோண்டியெடுத்த எலும்புகளே அதற்கு அடிப்படை. இக்தியோசர் என்ற கடல் ஊர்வன ஒன்று, பிளீசியோசர் என்ற இன்னொன்றின் நீண்ட கழுத்தைக் கவ்வுகிறது. அதிர்ந்துபோன இரையிடமிருந்து கழிவு கீழே விழுகிறது. அந்தக் கழிவும் கற்பனையில் உதித்ததல்ல. புதைபடிவமான சாணக் கட்டிகளை அப்போதுதான் அறிஞர்கள் அடையாளம் கண்டிருந்தார்கள். ஓவியத்தின் கல்லச்சுப் படிகளை விற்று வந்த பணம் வறுமையிலிருந்த ஆனிங்குக்குப் போனது. பழங்காலக் கடலின் முதல் பெரும் காட்சி, அதன் சான்றுகளைக் கண்டெடுத்த பெண்ணின் பிழைப்புக்காக அச்சேறியது என்பதை இத்துறையின் வரலாற்றில் சற்று அழுத்தியே குறிப்பிட வேண்டும்.

அந்த ஓவியத்தில் நீர்மட்டம் ஒரு கோடாக நடுவே செல்கிறது. மேலும் கீழும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. இன்று நமக்கு இது இயல்பான கோணம். அன்று அப்படியில்லை. இந்தக் கோணம் தொடக்கத்தில் ஒரு விதிவிலக்கு என்பதை ஆழ்காலக் காட்சிகளின் வரலாற்றை ஆராய்ந்த மார்ட்டின் ரட்விக் 1992-இல் வந்த நூலில் காட்டினார். அக்காலப் படங்களில் கடல் உயிர்கள் பெரும்பாலும் கரையில் ஒதுங்கியோ நீர்மேல் தலைநீட்டியோ கிடந்தன. அந்த நிலையை மாற்றியது கண்ணாடித் தொட்டி என்று தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டு வாதிட்டார். 1853-இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொது மீன்காட்சியகம் திறந்தது; மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸின் நூல் வந்தது; வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வைக்கும் மோகம் பரவியது. கடலைப் பக்கவாட்டில், அதன் உயிர்களின் கண்மட்டத்தில் பார்க்கலாம் என்று மக்கள் அப்போதுதான் பழகினார்கள். நாம் ‘கடலடி’ என்று கற்பனை செய்வதன் பெரும்பகுதி உண்மையில் தொட்டியின் பக்கச் சுவர். இன்றைய ஊடாட்டப் படைப்புகளின் சுவரளவு திரைகளும் அதே சுவர்தான், கண்ணாடிக்குப் பதில் ஒளி.

1854-இல் லண்டன் சிடன்ஹாமில் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் நிறுவிய கிரிஸ்டல் பேலஸ் சிற்பங்கள் வேறு வழியில் போயின. ரிச்சர்டு ஓவனின் அறிவுரையோடு செய்யப்பட்ட அந்தக் கடல் ஊர்வன ஏரிக்குள்ளும் கரையிலும் வைக்கப்பட்டன. நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அவை மூழ்கி வெளிப்படும்படி ஏரி திட்டமிடப்பட்டது. ஓதத்தின் ஏற்றவற்றத்தையே காட்சியின் பகுதியாக்கிய அந்த யோசனையை ஊடாட்டக் கலையின் தொலைதூர முன்னோடி எனலாம். அங்கே காட்சியை இயக்கியது நீர். பார்வையாளர் காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்ணை உள்ளே வைக்கும் முறையின் பலவீனங்கள் வெளிப்படையானவை. ஒன்று, பிழை. எட்வர்டு டிரிங்கர் கோப் 1869-இல் வெளியிட்ட, எலாஸ்மோசரஸ் என்ற கடல் ஊர்வனத்தின் மீளுருவில் தலை வாலின் நுனியில் இருந்தது. மறு ஆண்டு ஜோசப் லைடி அதைச் சுட்டிக்காட்டினார். கனடாவின் பர்ஜஸ் பாறையிலிருந்து வந்த ஹாலுசிஜீனியாவை 1977-இல் சைமன் கான்வே மாரிஸ் முட்களையே கால்களாக்கி நிற்க வைத்தார். சீனாவின் செங்ஜியாங் புதைபடிவங்களின் துணையால் 1991-இல் அது தலைகீழாகப் புரட்டப்பட்டது. எந்த முனை தலை என்பது 2015-இல்தான் தெளிந்தது. அனோமலோகாரிஸின் பிடிகைகளை 1892-இல் ஓர் இறால்வகையின் உடல் என்று எண்ணினார்கள், அதே விலங்கின் வாயைத் தனி ஜெல்லிமீன் என்றார்கள்; துண்டுகள் 1985-இல் ஒரே உடலாகச் சேர்ந்தன. இவற்றில் வெட்கப்பட எதுவுமில்லை, அறிவு வளர்வது இப்படித்தான். வருத்தம் தருவது இரண்டாவது பலவீனம். படம் தன் ஐயத்தைக் காட்டிக்கொள்வதில்லை. ‘வாக்கிங் வித் டைனோசர்ஸ்’ தொடர் 1999-இல் லியோப்ளூரோடான் என்ற கடல் ஊர்வனத்தை 25 மீட்டர் நீளத்தில் காட்டியது. ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் 7 மீட்டரை ஒட்டியே நிற்கின்றன. திரையில் அது நீந்தும்போது எந்தப் பகுதி எலும்பு, எந்தப் பகுதி ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை.

டேரன் நெய்ஷ், ஜான் கான்வே, சி. எம். கோஸ்மென் மூவரும் 2012-இல் வெளியிட்ட ‘ஆல் யெஸ்டர்டேஸ்’ நூல் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து அணுகியது. எலும்பின்மேல் தோலை இழுத்துப் போர்த்தி, எப்போதும் வாய்பிளந்து சண்டையிடும் விலங்குகளை வரைவது எச்சரிக்கையான அறிவியல் அல்ல, அதுவும் ஒரு கற்பனை மரபே என்றது அந்நூல். கொழுப்பும் ஓய்வும் விளையாட்டும் எலும்பில் பதியாதவை. பதியாததால் அவை இல்லாமல் போய்விடவில்லை. ஆழ்காலக் கலையில் துணிவு எங்கே நியாயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வாதம் பின்னர் எழுந்ததாகத் தெரியவில்லை.

சுருக்கிய காலம்

கடலைக் காட்டுவது பாதிச் சிக்கல், காலத்தைக் காட்டுவது மறுபாதி. ஸ்காட்லாந்தின் சிக்கார் முனையில் 1788-இல் ஜேம்ஸ் ஹட்டன், செங்குத்தாக நிற்கும் பாறையடுக்கின்மேல் சாய்வாகப் படிந்த இன்னோர் அடுக்கைத் தன் நண்பர்களுக்குக் காட்டினார். கடலடியில் படிந்து, உயர்ந்து, அரிக்கப்பட்டு, மீண்டும் புதிய படிவுகளால் மூடப்பட்ட வரலாறு அந்த ஒரே பாறையில் இருந்தது. 1956-இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களிலுள்ள ஈயத்தின் அளவுகளிலிருந்து பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று கணித்தார். ‘ஆழ்காலம்’ என்ற தொடரை 1981-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எழுத்தாளர் ஜான் மெக்ஃபீ.

இந்த அளவைப் புரியவைக்க வழக்கமாகக் கையாளப்படுவது சுருக்கம். 1977-இல் கார்ல் சேகன் அண்டத்தின் வரலாற்றை ஓராண்டு நாட்காட்டிக்குள் அடக்கினார். அருங்காட்சியகங்களும் மெய்நிகர்ப் படைப்புகளும் அதையே நிமிடங்களில் செய்கின்றன. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 455 கோடி ஆண்டுகளை 15 நிமிடப் படைப்பில் அளவு பிறழாமல் அடக்கினால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகள் ஓடும். விலங்குகளின் முதல் தெளிவான தடயங்கள் கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் வரும். அதற்கு முந்தைய 13 நிமிடங்களும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அவற்றின் பாய்களும் நீரும் மட்டுமே. நம் இனத்தின் 3 லட்சம் ஆண்டுகள், நொடிக்கு 60 சட்டகம் ஓடும் திரையில் மூன்று நான்கு சட்டகங்களில் முடிந்துவிடும். கண் அதைப் பிடிக்காது.

இந்த விகிதத்தை அப்படியே ஏற்ற படைப்புகள் அரிது. காரணம் புரிகிறது, 13 நிமிடம் நுண்ணுயிர்ப் பாயைப் பார்க்க யார் வருவார்கள்? ஆனால் அந்த 13 நிமிடங்களில்தான் ஆழ்காலம் இருக்கிறது. அவற்றை வெட்டிவிட்டு ட்ரைலோபைட்டுகளிலிருந்து தொடங்கும் படைப்பு, ஆழத்தை நீக்கிவிட்டுக் காலத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது.

சுருக்கம் இன்னொன்றையும் மறைக்கிறது. காலத்தின் அலகே மாறியிருக்கிறது. 1963-இல் ஜான் வெல்ஸ், டெவோனியன் காலப் பவளங்களின் நுண்ணிய வளர்ச்சி வரிகளை எண்ணி, அப்போது ஓராண்டில் ஏறத்தாழ 400 நாட்கள் இருந்தன என்று காட்டினார். நிலவின் ஈர்ப்பால் எழும் ஓதங்கள் பூமியின் சுழற்சியை மெல்ல மெல்லத் தடுத்துவந்ததன் விளைவு அது. பூமி அன்று வேகமாகச் சுழன்றது, நிலவு இன்னும் அருகில் இருந்தது. பழங்கடலின் ஒரு நாளை அதன் சரியான நீளத்தில் நடத்திக்காட்டும் படைப்பு, நூறு அசுரப் பல்லிகளைக் காட்டுவதைவிட அதிகமாகச் சொல்லிவிடக்கூடும்.

விதியை ஓடவிடுதல்

1990-களில் ஒரு புதிய விடை வந்தது. பழங்கடலின் தோற்றத்தை வரையத் தேவையில்லை. உயிர் பெருகி மாறும் விதியைக் கணினியில் எழுதி ஓடவிட்டால் போதும், உருவங்கள் தாமாகவே வரும். செயற்கை உயிர் என்ற ஆய்வுத்துறை அப்போது முளைத்திருந்தது. அதிலிருந்து பிறந்த கலைப்படைப்புகளில் இரண்டு இன்றும் பேசப்படுகின்றன.

கிறிஸ்டா சொம்மரரும் லோரான் மின்யொன்னோவும் உருவாக்கிய ‘ஏ-வால்வ்’ 1994-இல் ஆர்ஸ் எலெக்ட்ரானிக்கா கலை விழாவின் கோல்டன் நீக்கா விருதைப் பெற்றது. பார்வையாளர் தொடுதிரையில் ஓர் உயிரின் பக்கத்தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் வரைவார். அந்த உருவம் உடனே உண்மையான நீர் நிரம்பிய கண்ணாடிக் குளத்தில் ஒளியுருவாக நீந்தத் தொடங்கும். அதன் வடிவமே அதன் வேகத்தைத் தீர்மானிக்கும், வேகம் அது இரையாகுமா இரைகொள்ளுமா என்பதைத் தீர்மானிக்கும். நீருக்குள் கைவிட்டால் ஓர் உயிரைக் காக்கலாம், இரண்டை ஒன்றுசேர்க்கலாம். அவற்றின் வாரிசுகள் இரண்டின் பண்புகளையும் கொண்டு பிறக்கும். கார்ல் சிம்ஸின் ‘கலாபகோஸ்’ 1997-இல் டோக்கியோவில் வைக்கப்பட்டது. 12 திரைகளில் 12 உருவங்கள். பிடித்ததன் முன் நின்றால் அது தப்பும், மற்றவை அழிந்து அதன் திரிபடைந்த வாரிசுகளுக்கு இடம்விடும்.

இவற்றின் வலிமை நேர்மை. இதுதான் அன்றைய கடல் என்று இவை சொல்வதில்லை, உயிர் மாறுவது இப்படித்தான் என்று மட்டும் சொல்கின்றன. ஆனாலும் சொல்வது முழுக்கச் சரியில்லை. ‘கலாபகோஸ்’ படைப்பில் தேர்வு செய்வது பார்வையாளரின் அழகுணர்ச்சி. அது நாய்களையும் புறாக்களையும் வளர்ப்பவர் செய்யும் தேர்வு. டார்வின் அதிலிருந்து வாதத்தைத் தொடங்கினார் என்றாலும் இயற்கைத் தேர்வு அதுவல்ல என்பதே அவர் கண்டது. எவரும் விரும்பாமல், எவரும் பார்க்காமல் நடந்த ஒன்றை விருப்பத்தால் இயங்கும் கருவியாக்கும்போது அதன் அடிப்படையே புரண்டுவிடுகிறது. ‘ஏ-வால்வ்’ இதில் ஒரு படி மேல். அங்கே நீரின் விதி பார்வையாளரின் கையைவிட வலியது; காக்க நினைத்த உயிர் பெரும்பாலும் சாகத்தான் செய்யும்.

இந்தப் படைப்புகளுக்குப் பின்னால் தொல்லுயிரியலின் தீராத வழக்கு ஒன்றும் நிற்கிறது. உயிரின் வரலாற்றை முதலிலிருந்து மீண்டும் ஓடவிட்டால் முற்றிலும் வேறு உலகம்தான் வரும் என்று கூல்டு 1989-இல் ‘ஒண்டர்ஃபுல் லைஃப்’ நூலில் வாதிட்டார். பர்ஜஸ் பாறையை ஆராய்ந்த அதே கான்வே மாரிஸ் 2003-இல் எதிர்வாதம் வைத்தார். சிக்கல்களுக்கு உயிர் காணும் தீர்வுகள் மிகச் சில, ஆகவே அது அதே இடங்களுக்கே திரும்பத் திரும்ப வந்துசேரும் என்பது அவர் நிலை. இக்தியோசருக்கும் டால்ஃபினுக்கும் சுறாவுக்கும் ஒரே உடல்வடிவம் வாய்த்திருப்பதை இரண்டாமவர் பக்கச் சான்றாகவும், பர்ஜஸின் விநோத உடல்கள் பல வாரிசின்றி மறைந்ததை முதலாமவர் பக்கச் சான்றாகவும் கொள்ளலாம். ஒவ்வொரு கணினிக் கடலும் தன் நிரலில் இந்த வழக்குக்குச் சத்தமின்றி ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறது. எந்தத் தீர்ப்பு என்பதைப் பார்வையாளருக்குச் சொன்னால் நல்லது.

மூச்சும் உடலும்

கையைவிட மூச்சை நம்பியவர் கலைஞர் சார் டேவிஸ். ஆழ்கடல் மூழ்குவதில் பழக்கமுள்ள அவருடைய ‘ஆஸ்மோஸ்’ 1995-இல் மான்ட்ரியாலில் காட்டப்பட்டது. பார்வையாளர் மார்பில் ஓர் உணரிக் கச்சையையும் தலையில் மெய்நிகர்க் கருவியையும் அணிவார். மூச்சை இழுத்தால் மேலெழுவார், விட்டால் தாழ்வார். உடலைச் சாய்த்தால் திசை மாறும். பிடிக்கவோ தள்ளவோ சுடவோ அங்கே எதுவுமில்லை. பழங்கடலைப் பற்றிய படைப்பு அல்ல அது. ஆனால் எதையும் ஆட்டிப்படைக்காமல் ஓர் உலகத்தில் இருக்க முடியும் என்று காட்டியதால் இந்தக் கேள்விக்கு நேரடியாகவே பொருந்துகிறது.

பின்னாளில் மெய்நிகர்க் கருவிகள் மலிந்தபோது அந்தப் பொறுமை பெரும்பாலும் கைவிடப்பட்டது. 2015-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டேவிட் அட்டன்பரோவின் குரலோடு வந்த ‘ஃபர்ஸ்ட் லைஃப்’ பார்வையாளர்களைக் கேம்பிரியன் கடலுக்குள் அமர்த்தியது. அறிவியல் கவனத்தோடு செய்யப்பட்டது. அனோமலோகாரிஸ் தலைக்குமேல் கடந்துபோவதை உணர்ந்தவர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள். எனினும் அங்கே பார்வையாளர் சுற்றிப் பார்க்கும் பயணிதான், இடம் மாறிய தொட்டிச் சுவர்தான். யாக்கப் குட்ஸ்க் ஸ்டீன்சன் 2021-இல் பெர்லினில் அமைத்த ‘பேர்ல்-பேர்ல்’ கடலைப் பற்றியதல்ல, அந்த நகரம் எழுவதற்கு முன் அங்கே பரந்திருந்த பனியுகக்கால ஈரநிலத்தைப் பற்றியது. பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்புகளையும் எஞ்சிய சதுப்புகளில் எடுத்த பதிவுகளையும் கொண்டு நிகழ்நேரத்தில் இயங்கும் நிலமாக அதைக் கட்டினார். நிற்கும் இடத்தின் ஆழ்காலத்தை அதே இடத்தில் எழுப்பியது அதன் தனிச்சிறப்பு.

உடலை நம்பும் விடைக்கும் எல்லை உண்டு. நம் உடல் பெரியது, காற்றை மூச்சிழுப்பது, முதுகெலும்புள்ளது. பழங்கடலின் உயிர்களில் மிகப் பெரும்பாலானவை மில்லிமீட்டருக்கும் குறைந்தவை. அந்த அளவில் நீர் நீராக இருப்பதில்லை, தேனாக இருக்கிறது. துடுப்பை நிறுத்தியதும் இயக்கம் நின்றுவிடும், மிதந்துசெல்லுதல் என்பதே கிடையாது. இயற்பியலாளர் எட்வர்டு பர்செல் 1977-இல் இதைத் தெளிவாக விளக்கினார். மென்மையாக மிதக்கவிடும் மெய்நிகர்க் கடல் எவ்வளவு இன்பமானாலும், அது ஒரு பெரிய பாலூட்டியின் கடல்.

கல்லை விட்டு அகலாமல்

இன்னொரு மரபு, காட்சியை எழுப்பும்போதே சான்றையும் கண்முன் வைத்திருக்க விரும்புகிறது. 2023-இல் திறக்கப்பட்ட தென் ஆஸ்திரேலியாவின் நில்பேனா எடியாக்காரா தேசியப் பூங்காவில், பழைய கொல்லுப்பட்டறை ஒன்றுக்குள் உண்மையான புதைபடிவப் பாறைப்படுகை தரையாகக் கிடக்கிறது. ஒளியும் ஒலியும் அந்தப் பாறையின் மேலேயே விழுகின்றன. காட்சி அணைந்ததும் கல் எஞ்சுகிறது. எது கண்டது, எது கருதியது என்ற கோடு அங்கே யாரும் விளக்காமலே தெரியும். இதுவரை பரிசீலித்த வழிகளில் என் கணிப்பில் மிகவும் நாணயமானது இது.

ஆய்வாளர்களும் இந்தப் பக்கமே வந்துகொண்டிருக்கிறார்கள். ட்ரைப்ராக்கிடியம் என்ற முக்கைத் தட்டு உயிர் எப்படி உண்டது என்பதை 2015-இல் இம்ரான் ரஹ்மானும் உடனாய்வாளர்களும் கணினியில் நீரோட்டத்தை ஓட்டிப் பார்த்து ஊகித்தார்கள். அதன் மேற்பரப்புக் குழிகளை நோக்கி நீர் வேகம் தணிந்து வந்து துகள்களை இறக்கியது. டேவிட் பீட்டர்மனும் கேத்லீன் ரிட்டர்புஷும் அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் உயிரின் ஓடுகளை முப்பரிமாண அச்சில் வார்த்து, உள்ளே பொறி பொருத்தி, 2022-இல் நீச்சல் குளத்தில் நீந்தவிட்டார்கள். மெல்லிய ஓடு வேகமாகப் போனது, அகன்ற ஓடு எளிதாகத் திரும்பியது. கேட்ட கேள்விக்குக் கடல் தானே மறுமொழி சொல்லும்படி செய்த ஊடாட்டங்கள் இவை. கலைஞர்கள் இவற்றிலிருந்து கற்க நிறைய இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த மரபு அந்நியமில்லை. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்களில் பல, ஜுராசிக் காலத்து அம்மோனைட்டுகளைப் பொதிந்த கருங்கற்கள். எட்வர்டு சூயஸ் 1893-இல் டெதிஸ் என்று பெயரிட்ட கடலின் எச்சங்கள். அந்தக் கடல் மூடி இமயம் எழுந்தது. திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அந்தக் கல்லை நீராட்டுபவர்கள் அதைப் புவியியலாகப் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டியதில்லை. ஆயினும் ஆழ்காலத்தின் ஒரு துண்டோடு நாள்தோறும் கைபடப் பழகும் வழக்கம் திரைகளுக்கு நெடுங்காலம் முன்பே இருந்திருக்கிறது.

அரியலூரும் அப்படித்தான். கிரெட்டேசியஸ் காலத்தில் காவிரிப் படுகைக்குள் புகுந்த கடல் அங்கே அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் சுறாப் பற்களையும் விட்டுச் சென்றது. 1860-களில் தொடங்கி ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா இந்த உயிர்த்தொகுதியை விரிவான தொகுதிகளில் விவரித்தார். அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல் இன்று சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்க்க வருபவர்களுக்கும் காரையின் செம்மண் ஓடைகளில் நடப்பவர்களுக்கும், தாங்கள் நிற்பது கடலடி என்பதைத் தக்கபடி காட்ட ஒரு படைப்பு இன்னும் தேவைப்படுகிறது. நில்பேனா வழி இங்கே பொருந்தும் என்றே தோன்றுகிறது.

கல்லை விட்டு அகன்ற காட்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் நம்மிடமே ஓர் உதாரணம் உண்டு. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே வகை விலங்குகள் இருப்பதை விளக்க ஃபிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல் லெமூரியா என்ற மூழ்கிய நிலத்தை முன்மொழிந்தார். விலங்குப் பரவல் பற்றிய அந்தக் கருதுகோள், கண்டங்கள் நகர்வது நிறுவப்பட்டதும் தேவையற்றதானது. ஆனால் வரைபடம் நின்றுவிட்டது. கடல்கோள் பற்றிய நம் உரையாசிரியர்களின் மரபு மனிதர் நினைவின் அளவைச் சேர்ந்தது; அதை ஸ்கிளேட்டரின் நிலத்தோடு பொருத்தியது 19-ஆம் நூற்றாண்டுக்குப் பின் நடந்த இணைப்பு என்பதைச் சுமதி ராமசாமி 2004-இல் வந்த நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்த மரபின் மதிப்பு இதனால் குறைவதில்லை. கருதுகோள் மறைந்த பின்னும் அதன் படம் வாழும் என்பதை ஆழ்காலத்தை வரைபவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

தொடுகையின் நியாயம்

பிரெஞ்சு மெய்யியலாளர் க்வென்டின் மெய்யாசு 2006-இல் எழுப்பிய கேள்வி இங்கே வந்து சேர்கிறது. உலகம் எப்போதும் ஒரு பார்ப்பவருக்குத் தெரியும் உலகமே என்று கருதும் மெய்யியல், பார்ப்பவர் எவருமில்லாத காலத்தைப் பற்றிய அறிவியல் கூற்றுகளை என்ன செய்யும்? புதைபடிவம் அந்த மெய்யியலின் தொண்டையில் நிற்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய தீர்வை ஏற்காதவர்கள் பலர். கேள்வியைத் தவிர்க்க முடிந்தவர்கள் குறைவு.

ஊடாட்டக் கலை அந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. ஓவியம் பழங்கடலுக்கு ஒரு சாட்சியைக் கொடுத்தது. ஊடாட்டம் அதற்கு ஒரு காரணகர்த்தாவையே கொடுத்துவிடுகிறது. நான் அசைந்ததால் அந்த உயிர் ஓடியது. ஆழ்காலத்தைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்த சிலவற்றில் ஒன்று, அங்கே எதுவும் நம்மால் நடக்கவில்லை என்பது. கைக்கு எளிதாக மறுமொழி தரும் பழங்கடல், விலங்குகளின் உருவத்தில் ஒரு பிழையும் இல்லாவிட்டாலும், இந்த உண்மையில் பிழைபடுகிறது. உடலும் காலமும் திருத்தமாக இருந்து உறவு மட்டும் தவறாக இருக்கும் படைப்பைச் சரியான படைப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமே.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதை எளிதாகத் தள்ளக் கூடாது. ஆழ்காலத்தை அறிந்ததே கையால்தான். மேரி ஆனிங்கின் சுத்தியல், வெல்ஸின் எண்ணிக்கை, ஹாலுசிஜீனியாவைப் புரட்டிய அகழ்வு எல்லாமே தொடுகை. கேத்ரின் யூசஃப் 2018-இல் எழுதியதுபோல, அந்தத் தொடுகை சுரங்கத்தோடும் காலனியத்தோடும் அடிமை உழைப்போடும் பிணைந்த வரலாறும் உடையது. ஆக, மனிதக் கையைக் காட்சியிலிருந்து முழுக்க நீக்குவது இன்னொரு பொய்யாகிவிடும். என் நிலைப்பாடு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. பார்வையாளரின் கை உயிர்களின்மேல் படுவதைவிட ஊகத்தின்மேல் படலாம். தோலின் நிறத்தை அணைத்து எலும்பை மட்டும் பார்க்க, ஹாலுசிஜீனியாவை 1977-இன்படியும் 1991-இன்படியும் நிற்கவைத்துப் பார்க்க, நீரின் பாகுநிலையை மாற்றி யார் உண்கிறார் யார் பட்டினி என்று காண, 13 நிமிட வெறுமையைத் தவிர்க்க முடியாமல் இருக்க. அத்தகைய கடல் நமக்கு அடங்காது, ஆனாலும் நம் கேள்விக்கு விடை சொல்லும்.

தீராதவை

நிறம் முதலில் வருகிறது. 2014-இல் யோஹான் லிண்ட்கிரெனும் உடனாய்வாளர்களும் இக்தியோசர் உள்ளிட்ட கடல் ஊர்வனங்களின் தோலில் எஞ்சிய நிறமிகளிலிருந்து அவை அடர்நிறம் கொண்டவை என்று காட்டினார்கள். உயிரின் நிறமாவது ஓரளவு கிடைக்கிறது, கடலின் நிறம்? ஆர்க்கியன் காலக் கடல்கள் இரும்பின் காரணமாகப் பச்சையாக இருந்திருக்கலாம் என்று தாரோ மாட்சுவோ குழுவினர் 2025-இல் ஒரு கருதுகோளை முன்வைத்திருக்கிறார்கள். அது நிலைத்தால், இதுவரை நீலத்தில் எழுந்த ஆதிக்கடல்கள் பலவும் மாற வேண்டியிருக்கும். ஒலியைப் பற்றி அதுவும் சொல்ல முடியாது. பெரும்பாலான படைப்புகள் இன்றைய கடலடி ஒலிகளையும் இசையையும் வைத்தே நிரப்பிக்கொள்கின்றன.

திருத்துவதா விடுவதா என்பது அடுத்த சிக்கல். கிரிஸ்டல் பேலஸ் சிற்பங்களின் பிழைகள் ஊரறிந்தவை. அவை திருத்தப்படவில்லை, 2007-இல் பிரிட்டனின் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1854-இன் அறிவு எங்கே நின்றது என்பதற்கு அவையே இன்று சான்று. கணினிப் படைப்பை ஒரே இரவில் புதுப்பித்துவிடலாம். அப்படிப் புதுப்பித்தால் பழைய ஊகத்தின் தடயம் அழிந்துபோகும். புதுப்பிக்காவிட்டால் காலாவதியான கடல் உண்மையென்று பரவும். பதிப்புகளை அடுக்கடுக்காகக் காக்கும் வழி இருக்கலாம், அதற்கான மரபை அருங்காட்சியகங்கள் இன்னும் வகுக்கவில்லை.

மூன்றாவது, ஆயுள். ‘ஏ-வால்வ்’, ‘ஆஸ்மோஸ்’ இரண்டும் அன்றைய சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளை நம்பி உருவானவை. அந்த நிறுவனத்தின் அத்தகைய இயந்திரங்கள் இன்று உற்பத்தியில் இல்லை. முப்பது ஆண்டு கடந்த படைப்பை ஓடவைக்க மென்பொருளை மாற்றி எழுத வேண்டும், அல்லது பழைய உதிரிகளைத் தேடி அலைய வேண்டும். மாற்றி எழுதப்பட்ட கடல் அதே கடல்தானா, அதன் நீர் பழைய வேகத்தில்தான் ஓடுகிறதா என்பதைச் சரிபார்க்க அசல் இயந்திரம் ஒன்றாவது எங்கேனும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதை யார் பேணுவது, எந்தச் செலவில், எவ்வளவு காலம் என்பதற்கு இப்போதைக்குப் பொதுவான விடை இல்லை.